மதுவும் மனையும்: உடப்புசல்லாவைப் பெருந்தோட்டப் பகுதியை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கை மலையகத்தின் சமூக வரலாற்றை ஆராயப் புகுந்தோர் மது பற்றிக் கூறியன பல. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வினாவைச் சுற்றியே வந்துள்ளன: தோட்டத் தொழிலாளி ஏன் இவ்வளவு குடிக்கின்றான்? தோட்டத் துரைமாரின் நினைவுக் குறிப்புகளிலும், குடியேற்ற அரசின் அறிக்கைகளிலும், பிற்காலத்துச் சீர்திருத்தவாதிகளின் பிரசங்கங்களிலும் இவ்வினாவே வெவ்வேறு குரல்களில் ஒலிக்கக் காண்கின்றோம். வினா அமையும் முறை விடையின் எல்லையையும் வகுத்துவிடுகின்றது. தொழிலாளியின் ஒழுக்கம், அறியாமை, அடக்கமின்மை என்பவற்றுக்கு அப்பால் இவ்வினா நம்மை இட்டுச் செல்வதில்லை.

நாம் இங்கு வினாவைத் திருப்பிக் கேட்க விழைகின்றோம். இம்மலைகளிலே மதுவை வீட்டிற் சேமித்து, அது முதிரும்வரை காத்திருந்து அருந்த யாரால் முடிந்தது? யாரால் முடியவில்லை? ஏன்? வைன் எனப்படும் திராட்சை மதுவை வீட்டிலே முறையாகப் பேணி முதிரவைத்தல் செல்வர்தம் பொழுதுபோக்கு என்றே பொதுவாகக் கருதப்படும். ஆயின் சேமிப்பு என்பது ஒரு பொருளாதாரச் செயல். காத்திருத்தல் என்பது ஓர் உரிமை. இவ்விரண்டும் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தன என்பதை உடப்புசல்லாவை போன்றதொரு தோட்டப் பகுதியை வைத்து நோக்குமிடத்து, பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த தூரத்தைப் புதியதோர் அளவுகோலால் அளக்க முடிகின்றது.

1. முதிர்ச்சியின் பௌதிக அடிப்படை

மது முதிர்தல் என்பது யாது? திராட்சைச் சாற்றிலுள்ள வெல்லத்தை மதுவம் என்னும் நுண்ணங்கி அற்ககோலாக மாற்றுகின்றது. இந்நொதித்தல் முடிந்த பின்னரும் மதுவுள் மாற்றங்கள் ஓய்வதில்லை. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த தனின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து மண்டியாகப் படிகின்றன. அமிலமும் அற்ககோலும் கூடிப் புதிய மணங்களைத் தோற்றுவிக்கின்றன. நொதித்தலையும் மது கெடுதலையும் நுண்ணங்கிகளின் தொழிலாக விளக்கிய லூயி பாஸ்ரர், மது பற்றிய தமது நூலை 1866 இல் வெளியிட்டார். சிறிதளவு ஒட்சிசன் மதுவை முதிர்விக்கும். மிகுதியான ஒட்சிசன் அதனைக் கெடுக்கும் என்ற உண்மை அதனால் துலக்கமடைந்தது.

இதிலிருந்தே வீட்டுச் சேமிப்பின் விதிகள் யாவும் பிறக்கின்றன. வெப்பநிலை 10 முதல் 15 பாகை செல்சியசு வரையில், பெரிதும் ஏறி இறங்காமல் இருத்தல் வேண்டும். வெப்பம் மிகின் மாற்றங்கள் விரைந்து மணம் அழியும். ஒளி படலாகாது. தக்கையிட்ட போத்தலைப் படுக்கவைத்தல் வேண்டும். தக்கை நனைந்திருந்தாற்றான் சுருங்காது காற்றைத் தடுக்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 70 அளவில் இருப்பது நன்று. மிகக் குறையின் தக்கை உலரும், மிகக் கூடின் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புப் புகை, மண்ணெண்ணெய் முதலியவற்றின் நாற்றமும் ஓயாத அதிர்வும் ஆகா. இத்தனையும் செய்தாலும் எல்லா மதுவும் முதிர்ச்சியால் மேன்மையுறுவதில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளுள் அருந்துவதற்கென்றே ஆக்கப்படுவன. அமிலமோ தனினோ வெல்லமோ நிறைந்த சிலவே பல்லாண்டு தாங்குவன.

பிற மதுக்களின் இயல்பு வேறு. தென்னை, பனை, கித்துள் ஆகியவற்றின் கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே பொங்கத் தொடங்கும். ஒரு நாள் கழியின் புளித்து வினாகிரியாகும் நிலையை எய்தும். அதனைக் காய்ச்சி வடித்துப் பெறும் சாராயம் ஹல்மில்லை மரத்தாலான பெருந்தொட்டிகளிலே சில ஆண்டுகள் இருந்தாற்றான் காரம் தணிந்து நிறமும் மணமும் பெறும். போத்தலில் அடைத்தபின் சாராயம் முதிர்வதில்லை. கள்ளுக்குக் காலம் பகை. சாராயத்துக்குக் காலம் தொட்டியில் உண்டு. திராட்சை மதுவுக்கோ காலம் வீட்டிலும் தொடர்கின்றது. இவ்வேறுபாட்டிலே ஒரு சமூக வேறுபாடும் உறைந்திருப்பதைக் காண்போம்.

2. தமிழர் மரபில் முதிர்ந்த தேறல்

மதுவை முதிரவைக்கும் கலை ஐரோப்பியர் மலையகத்துக்குக் கொணர்ந்த புதுமையன்று. சங்கச் செய்யுட்களிலே மதுவைக் குறிக்கும் சொற்கள் பல: கள், நறவு, மட்டு, தோப்பி, தேறல். இவற்றுள் தேறல் என்பது தேறுதல், அதாவது தெளிதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மண்டி படிந்து தெளிந்த மது என்பதே அதன் பொருள். சொல்லிலேயே காத்திருத்தல் அமைந்துள்ளது.

குறிஞ்சி நிலத்து மக்கள் மூங்கிற் குழாய்களில் மதுவை அடைத்து நெடுநாள் முதிரவைத்தனர் என்பதனைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் காட்டுகின்றன. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலரின் புறநானூற்று 120 ஆம் செய்யுள் நிலத்திற் புதைத்து முதிரவைத்த மதுவைப் பேசுகின்றது. ஆய் என்னும் குறுநில மன்னனைப் பாடும் 129 ஆம் செய்யுளிலே குறவர் மூங்கிலில் முதிர்ந்த தேறலை உண்டு வேங்கை மர முன்றிலிலே குரவை ஆடுகின்றனர். மூங்கிலும் மண்ணும் அக்குடியினரின் கைக்கெட்டிய பொருள்கள். முதிர்ந்த மதுவும் கிளைஞரோடு கூடி உண்ணப்பட்டது. சேமிக்கும் சாதனம் எல்லோர்க்கும் கிட்டியவிடத்து முதிர்ந்த மதுவும் எல்லோர்க்கும் கிட்டிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே சங்ககாலத்திலே மறுபுறமும் உண்டு. யவனர் கொணர்ந்த மணமிக்க தண்மதுவைப் பாண்டியன் நன்மாறன் மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர அருந்துவதை நக்கீரர் புறநானூற்று 56 ஆம் செய்யுளிலே பாடுகின்றார். கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்க வணிக நூல் முசிறியில் இறக்குமதியான பொருள்களுள் மதுவையும், அது மிகுதியாக அன்று என்ற குறிப்போடு, சேர்த்துள்ளது. 1945 இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டிலே நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. கடல் கடந்து வந்த மது அரசனின் பொற்கலத்துக்கும், மூங்கிலில் முதிர்ந்த மது குறவர் முன்றிலுக்கும் உரியனவாக இருந்தன. குலவழிச் சமூகம் வர்க்கச் சமூகமாக மாறும் காலத்தின் இரு முகங்களை இவ்விரு மதுக்களிலும் காணலாம்.

3. பங்களாவின் களஞ்சியம்

நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலே, ஊவாவை நோக்கிச் சரியும் மலைகளில் உடப்புசல்லாவை அமைந்துள்ளது. தேயிலை வாணிகத்தார் இப்பெயரைத் தனியொரு விளைநிலத்தின் பெயராக வழங்குவர். அதன் தோட்டங்கள் ஏறத்தாழ 950 முதல் 1,600 மீற்றர் வரையான உயரத்தில் உள்ளன. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 27 பாகையாக இருக்க, இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லாத நுவரெலியாவில் அது சுமார் 16 பாகையாகும். ஐரோப்பாவில் நிலவறை தோண்டிப் பெறும் குளிர்ச்சியை இம்மலைகள் சுவரும் கூரையும் உள்ள எந்த அறைக்கும் ஏறத்தாழ இயல்பாகவே அளித்தன. மதுவைப் பேணுவதற்கு இலங்கைத் தீவிலே இதனினும் வாய்ப்பான பகுதி இல்லை எனலாம். இயற்கை எவரையும் வேறுபடுத்தவில்லை. குளிர் லயத்துக்கும் பங்களாவுக்கும் பொதுவாகவே இருந்தது.

ஆயின் மது இங்கு வந்து சேர்ந்த வழி பொதுவானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே கரிய கண்ணாடியிலான உருளை வடிவப் போத்தல் இங்கிலாந்திலே பரவியது. படுக்கவைக்கத்தக்க அப்போத்தலே வீட்டில் மதுவை முதிரவைத்தலைச் சாத்தியமாக்கிற்று. 1860 இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்த வணிக உடன்படிக்கையின் பயனாகப் பிரெஞ்சு மதுமீதான இறக்குமதி வரி குறைந்தது. முன்னர்ப் பிரபுக்களின் மேசையில் இருந்த மது இப்போது இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டிற்று. இலங்கைக்குத் தோட்டத் துரைமாராக வந்தோர் பெரிதும் இவ்வர்க்கத்தவரே. தாய்நாட்டிலே தமக்கு மேலிருந்தோரின் வாழ்க்கைமுறையை இம்மலைகளிலே அவர்கள் அரங்கேற்றினர். 1876 இல் நுவரெலியாவில் நிறுவப்பட்ட ஹில் கிளப், நெடுங்காலம் ஐரோப்பிய ஆடவர்க்கே உரியதாக இருந்து, அவ்வாழ்க்கையின் கோயிலாக விளங்கிற்று.

போக்குவரத்து வளர வளர இக்களஞ்சியங்களுக்கான வழி எளிதாயிற்று. 1867 இல் கண்டிக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. 1903, 1904 ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை உடப்புசல்லாவைப் பாதை எனப் பெயர் பெற்ற குறும்பாதை திறக்கப்பட்டது. 1940களில் அது மூடப்பட்டது. அப்பாதை தேயிலையைக் கீழே கொண்டு செல்வதற்கும் அரிசியையும் பிற பண்டங்களையும் மேலே கொணர்வதற்கும் இடப்பட்டது. அதற்கு முன்னர் மாட்டுவண்டியின் குலுக்கலையும் தாழ்நாட்டு வெயிலையும் பல நாட் தாங்கி ஏறிய மதுப்பெட்டிக்கு இது பெரும் ஆறுதலாயிற்று.

ஈண்டு மற்றொரு செய்தியையும் இணைத்து நோக்குதல் பயனுடைத்து. 1860களிலே பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பிலொக்ஸெரா என்னும் பூச்சி தாக்கிற்று. 1869 இல் இலங்கையின் கோப்பியிலே இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் பிரான்சின் திராட்சைச் செய்கை பேரழிவுக்கு உள்ளாயிற்று. இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் வீழ்ந்தது. ஒரே பயிரைப் பெருநிலத்தில் அடர்த்தியாக நட்டு உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் முறையின் ஒரே நோய் இருவேறு வடிவங்களில் வெளிப்பட்டது எனலாம். திராட்சை அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மீட்கப்பட்டது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. பங்களாவின் களஞ்சியம் ஓரிடைவேளைக்குப் பின் மீண்டும் நிரம்பிற்று. இவ்விடைவேளையின் விலையைச் செலுத்தியோர் கூலி நிலுவையோடு வேலையிழந்த தொழிலாளரே.

4. தவறணையின் காலக்கணக்கு

தொழிலாளிக்குக் கிடைத்த மது யாது? தென்னை இவ்வுயரங்களில் வளராது. பனைக்கும் இது நிலமன்று. தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோர்க்குப் பழக்கமான புதுக்கள் இங்கு வேண்டியபோது கிடைப்பதரிது. தாழ்நாட்டிலிருந்து ஏறிவரும் கள் வழியிலேயே புளித்துப்போகும். எனவே குளிர்மலைத் தோட்டங்களிலே தொழிலாளிக்குரிய மது பெரிதும் சாராயமாயிற்று. மென்மையான கள்ளினிடத்தைக் காரமான சாராயம் பிடித்ததற்கு மரபோ விருப்போ காரணமன்று. புவியியலும் அரச வருவாயுமே காரணம்.

பிரித்தானிய அரசு சாராயச் சில்லறை விற்பனை உரிமையைப் பிரதேசந்தோறும் ஏலத்தில் விட்டது. அதிக தொகை கேட்டவன் குறித்த ஆண்டுக்குக் குத்தகைக்காரனானான். இம்முறையால் அரசுக்குக் கணிசமான வருவாய் கிட்டியது. குத்தகைக்காரருள் ஒரு சாரார் நாட்டின் முதற் சுதேச முதலாளிகளாக உருவெடுத்தனர். மைக்கல் றொபேட்ஸ், குமாரி ஜயவர்த்தன ஆகியோரின் ஆய்வுகள் இதனைத் தெளிவுற நிறுவியுள்ளன. சாராயக் குத்தகையில் ஈடுபட்ட டி சொய்சா குடும்பத்தின் ஜெரோனிஸ் டி சொய்சா, உடப்புசல்லாவைக்கு அயலிலுள்ள ஹங்குராங்கெத்தையில் கண்டியரசரின் பழைய பூங்காவை 1830களின் பிற்பகுதியில் வாங்கிக் கோப்பி பயிரிட்டார். தவறணையில் திரண்ட பணம் தோட்டமாயிற்று. தோட்டத்தின் உழைப்பாளி தவறணைக்கு வாடிக்கையாளனானான். மூலதனத்தின் இச்சுற்றோட்டம் எண்ணத்தக்கது.

குத்தகையின் கால அளவே நமது ஆய்வுக்கு இன்றியமையாதது. ஓராண்டுக்கு உரிமை பெற்றவன் அவ்வாண்டுள் ஏலத்தொகையையும் இலாபத்தையும் மீட்டாக வேண்டும். அவனுக்குச் சாராயத்தைத் தொட்டியிலே பல்லாண்டு முதிரவிடுவதில் நாட்டமிராது. இன்று வந்ததை இன்றே விற்பதிலேயே நாட்டமிருக்கும். விற்பனையை விரைவுபடுத்தவும் பெருக்கவும் அவன் தூண்டப்பட்டான். குடிப்பவன் நிதானித்துக் குடிப்பது அவனுக்கு நட்டம். தொழிலாளியின் நிதானமின்மை என்று பேசப்பட்டதன் பின்னே குத்தகைக்காரனின் அவசரமும், அதன் பின்னே அரசின் வரவுசெலவுத் திட்டமும் நின்றன.

தொழிலாளர் விட்டுவந்த தமிழ்நாட்டிலும் நிலை வேறன்று. 1886 ஆம் ஆண்டின் மதறாஸ் அப்காரிச் சட்டம் மது உற்பத்தியையும் விற்பனையையும் அரசின் அனுமதிக்குள் அடக்கிற்று. வீட்டில் வடித்து வீட்டில் வைக்கும் மரபு இருபுறமும் குற்றமாயிற்று. இலங்கையிலே 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றியமைத்தது. அதனையொட்டிப் பெருந்தொகையான கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டன. 1904 இல் எழுந்த மதுவிலக்கு இயக்கம் 1912 இல் மீண்டும் வீறு கொண்டது. அவ்வியக்கம் குடியேற்ற ஆட்சிக்கெதிரான உணர்வை வளர்த்தமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அது தாழ்நாட்டுச் சிங்கள பௌத்த நடுத்தர வர்க்கத்தையே பெரிதும் தளமாகக் கொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளரின் கூலியும் குடியிருப்பும் அதன் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவில்லை.

5. லயமும் காத்திருத்தலும்

திராட்சை மதுவின் சேமிப்பு விதிகளை மீண்டும் நினைவுகூர்வோம். இருட்டு, அசைவின்மை, புகையின்மை, மாறா வெப்பநிலை, பிறர் கைபடாமை. இவற்றை ஒரு லயக் காம்பராவோடு ஒப்பிடுக. 10 அடிக்கு 12 அடி என்ற அளவிலான ஓர் அறை, முன்னே ஒடுங்கிய திண்ணை, அதிலோ உள்ளேயோ எரியும் விறகடுப்பு, தகரக்கூரை, பக்கத்து அறையோடு பங்கிட்ட சுவர், பெரும்பாலும் ஒரே அறையில் இரு தலைமுறையினர். நிலமட்டத்தின் மேலே வாழ்வதற்கே இடமற்றவிடத்தில் களஞ்சியம் என்ற சொல் பொருளற்றது. மதுவை மட்டுமன்றி எதனையும் நெடுநாள் வைத்திருக்க இயலாத வாழிடமாகவே லயம் கட்டப்பட்டது. கோப்பிக் காலத்திலே பருவத்துக்கு வந்து திரும்புவோருக்கென அமைந்த தங்குமிடம், தேயிலை ஆண்டு முழுதும் உழைப்பைக் கேட்ட பின்னரும் வீடாக மாறவில்லை.

இடத்தைப் போலவே காலமும் அவனுடையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கூலி மாதக்கணக்கில் நிலுவையாக்கப்பட்டது. துண்டு முறையின்கீழ் தொழிலாளியின் கடன் கங்காணியிடமிருந்து கங்காணிக்குக் கைமாறியது. அம்முறை 1921 இலேயே ஒழிந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, தோட்டத்தை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. துரை தன் மதுவைப் பெட்டியிலே முதிரவிட்டான். தொழிலாளியின் கூலியையும் தன் பெட்டகத்திலேயே முதிரவிட்டான் என்று கூறின் மிகையாகாது. முன்னதன் பயனும் பின்னதன் பயனும் ஒருவனுக்கே உரியவாயின.

நாளை என்பது தன் கையில் இல்லாதவன் இன்றைக்கே குடித்துத் தீர்ப்பது ஒழுக்கக் கேடென்று மட்டும் விளக்கத்தக்கதன்று. அது அவனது பொருளியல் நிலையின் வெளிப்பாடு. இவ்வாறு கூறுவதால் குடியின் கொடுமையை நாம் மூடிமறைக்கவில்லை. அதன் சுமை பெண்கள் மீதே அதிகம் வீழ்ந்தது. கொழுந்து பறிப்போருள் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்தம் கூலியைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று. அப்பணம் தவறணைக்குச் சென்றபோது இழந்தவள் அவளே. கசிப்புக் காய்ச்சுதல் பரவிய காலத்தில் இக்கேடு மேலும் பெருகிற்று. கசிப்பு, காலமே அற்ற மது எனலாம். கோடா எனப்படும் ஊறல் பிடிபடுமுன் காய்ச்சப்படல் வேண்டும். காய்ச்சியது பிடிபடுமுன் விற்கப்படல் வேண்டும். மூங்கிலில் முதிர்ந்த தேறலிலிருந்து அன்றே தீரும் கசிப்பு வரையிலான வீழ்ச்சி சுவையின் வீழ்ச்சி மட்டுமன்று. சேமிக்கும் உரிமையின் வீழ்ச்சியுமாகும்.

லயத்து மக்களுக்குக் காலத்தின் நுட்பம் தெரியாதென்று எவரும் கூறவியலாது. தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாக வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, காற்றுடன் சேர்ந்து நிறமும் மணமும் மாறும் தறுவாயில் சூட்டினால் நிறுத்தப்படுகின்றது. சில நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் தரம் கெடும். யூலை முதல் செத்தெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலத்தில் உடப்புசல்லாவைத் தேயிலை தனிமணம் பெறும். அப்பருவத்தின் கொழுந்தை அறிந்து பறிப்பவை அப்பெண்களின் விரல்களே. உலகச் சந்தையிலே மணத்துக்காக விலைபெறும் பண்டத்தை ஆக்கியோர், தம் அடுப்பில் தேயிலைத் தூளையே காய்ச்சிக் குடித்தனர். நுண்ணறிவு அவர்களிடம் இருந்தது. அதன் விளைவை வைத்திருக்கும் உரிமை இருக்கவில்லை.

6. பேணப்பட்டனவும் பேணப்படாதனவும்

இதுகாறும் மதுவைப் பற்றிப் பேசினோம். ஆயின் லயத்தில் முதிர இடமில்லாதது மது மட்டுமன்று. அங்கு கடிதங்களுக்கும் இடமில்லை. பிறப்புச் சான்றிதழ்களுக்கும் பற்றுச்சீட்டுகளுக்கும் இடமில்லை. இவ்வின்மை 1948 இன் பின் ஒரு மக்கட் கூட்டத்தின் தலைவிதியையே நிர்ணயித்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்ததாகக் காட்டியது. 1946 ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு முன் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவுதல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நிறுவுதல் என்றால் ஆவணம் காட்டுதல். ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிட்டியது. நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. அரசியல் நோக்கே அவற்றுள் முதன்மையானது. எனினும் அந்நோக்கு கையிலெடுத்த கருவி ஆவணம் என்பதை மறத்தலாகாது. பூட்டக்கூடிய அலுமாரியோ நனையாத மூலையோ இல்லாத அறையில் தலைமுறைகளை வாழவிட்டு, பின்னர் அத்தலைமுறைகளின் காகிதங்களைக் கேட்டது அரசு. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா சாஸ்திரி உடன்படிக்கையால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் உரிமை 1988 ஆம் ஆண்டினதும் 2003 ஆம் ஆண்டினதும் சட்டங்களாலேயே முற்றாக மீண்டது.

வரலாற்று மாணவராகிய நமக்கும் இதிலே பாடமுண்டு. பங்களாவின் கணக்கேடும் துரையின் நாட்குறிப்பும் சங்கங்களின் அறிக்கைகளும் பேணப்பட்டன. ஆகவே அவை நமக்கு மூலாதாரங்களாயின. லயத்திலிருந்து ஊருக்கு எழுதப்பட்ட கடிதங்களும் கடன் சீட்டுகளும் பேணப்படவில்லை. மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் பணி இதனாலேயே ஆவணக் காப்பகத்துக்கு நிகரான பெறுமதியுடையதாகின்றது. சுவரும் பூட்டும் தேவைப்படாத ஒரே களஞ்சியம் நினைவு. அதனைப் பாட்டாக்கிப் பேணினர் லயத்து மக்கள்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறிய ஒவ்வொரு தடவையும் லயம் அவ்வுடைமையின் ஒரு பகுதியாகவே கைமாறிற்று. உள்ளே வாழ்ந்தவர் அதற்கு உரியவரானதில்லை. 2010களின் நடுப்பகுதியிலிருந்து 7 பேர்ச் காணியும் தனிவீடும் உறுதிப்பத்திரமும் என்ற கோரிக்கை அரச கொள்கையில் இடம்பெற்றது. வீடுகள் சில எழுந்துள்ளன. பெருந்தொகையானோர் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றனர். முதற்றொகுதித் தொழிலாளரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்தமை 2023 இல் நினைவுகூரப்பட்டது. இருநூறு ஆண்டுகள் என்பது எந்தப் பண்டமும் முதிர்வதற்குப் போதுமான காலம்.

தொழிலாளியின் வீட்டிலே மதுக்களஞ்சியம் வேண்டும் என்பது நமது வாதமன்று. மதுவை முதிரவைக்கத் தேவையான மூன்று நிபந்தனைகளே நமது கவனத்துக்குரியன: தனதெனச் சொல்லக்கூடிய இடம், முடக்கிவைக்கக்கூடிய சிறு பொருள், நாளையைப் பற்றிய நிச்சயம். இம்மூன்றும் உள்ள மனையிலே எது வைக்கப்படும் என்பதை அம்மனைக்குரியோர் தீர்மானிப்பர். சிலர் நெல்லை வைப்பர். சிலர் நூல்களை வைப்பர். பெண் தன் கூலியைத் தன் பெயரில் வைப்பாள். எல்லோரும் தத்தம் காணியுறுதியை வைப்பர். குடியைப் பற்றிய பிரசங்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தவறணையின் வாயிலிலேயே நின்று பேசியிருக்கின்றது. அப்பிரசங்கம் வீட்டின் வாயிலுக்கு வருதல் வேண்டும்; அவ்வீடு யாருடையது என்று கேட்டல் வேண்டும். உடப்புசல்லாவையின் மலைச்சரிவுகள் நமக்கு உணர்த்தும் வரலாற்றுப் பாடம் இதுவே.